ஒரே தாளில் இரண்டு சொரியாசிஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம் என்று உங்கள் நாளிதழில் கால் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. இந்தத் தோல் நோய் தொற்றாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம், அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை என்று ஒரு தோல் மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். என் மனைவியின் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று அதைக் கத்தரித்தேன். காரணம் பிறகு சொல்கிறேன். கத்தரித்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் விளம்பரம். 'சொரியாசிஸா? 90 நாளில் வேரோடு நீங்கும். பக்க விளைவு இல்லை. உத்தரவாதம்.' முதுகெல்லாம் செதிலாக ஒரு படம், பக்கத்தில் மழமழவென்று இன்னொரு படம். ஒரே ஆள்தான் என்று நாம் நம்ப வேண்டும். முதல் படத்தில் இடது தோளில் இருந்த மச்சம் இரண்டாவது படத்தில் வலது தோளுக்குப் போயிருந்தது. மருந்து அத்தனை வேகம் போலும்.

இந்தப் பக்கம் குணமாகாது, அந்தப் பக்கம் 90 நாள். இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்த உங்களுக்கு ஒரு நடத்துனர் எழுதும் கடிதம் இது.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் அரசுப் பேருந்தில் வேலை பார்க்கிறேன். வயது 53. சர்வீஸ் 26 ஆண்டு. அதில் 20 ஆண்டு சொரியாசிஸோடு. உடம்பில் எங்கே வந்திருந்தாலும் சட்டைக்குள் மறைத்திருப்பேன். எனக்கு முழங்கை, முழங்கால், தலை எல்லாம் போக உள்ளங்கையிலும் வந்தது. நடத்துனருக்கு உள்ளங்கைதானே எல்லாம்? பணம் வாங்குவது, சீட்டு கொடுப்பது, சில்லறை எண்ணுவது, கம்பியைப் பிடிப்பது. தோல் தடித்து, கோடையில் கண்மாய் வெடித்துக் கிடப்பது போல் வெடித்திருக்கும். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் பத்து ரூபாய்த் தாளில் கறை படும். அதைப் பார்த்த பயணி தாளை வாங்க மாட்டார்.

சிலர் வாய் திறந்து கேட்பார்கள். அவர்களோடு பிரச்சினை இல்லை, பதில் சொல்லிவிடலாம். கேட்காதவர்கள்தான் அதிகம். சில்லறையை நீட்டினால் கையை நீட்டாமல் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். "சீட்டுல வச்சிருங்க" என்பார்கள். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சில்லறைப் பேச்சே இல்லையே என்று. ஆனால் அதற்கும் சீட்டு கிழித்துக் கொடுக்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று சீட்டை ஓரமாக இரண்டு விரலால் இழுத்தது, தட்டான்பூச்சியைப் பிடிப்பது போல. அதன் அம்மா அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார். பிள்ளையின் மேல் கோபமில்லை.

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டையோடு ஏறும் ஓர் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி இது, சொறியா?" என்றார். "சொரியாசிஸ்மா" என்றேன். "அதான் கேட்டேன், சொறிதானே?" என்றார். இந்த நோய்க்குத் தமிழில் அமைந்த கேடு இந்தப் பெயர். இங்கிலீஷ் பெயரே நம் காதில் 'சொறி' என்று விழுகிறது. தெருநாய்க்கு வருவதும் சொறி, எனக்கு வந்ததும் சொறி. இதைப் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லிச் சிரித்தபோது, மூலச் சொல்லே கிரேக்கத்தில் 'சோரா', அதற்கும் அரிப்பு என்றுதான் பொருள் என்றார். ஆக உலகம் முழுக்கவே இதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலேயே இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பி வைத்திருந்தார்களாம்.

அந்த டாக்டர் எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. மேல்தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அதே வேலை நான்கைந்து நாளில் நடக்கிறது. "உங்க பஸ்ல ஸ்டாப்பிங்ல ஆள் இறங்கறதுக்குள்ள அடுத்த கூட்டம் ஏறினா என்ன ஆகும்? படியில குவியும்ல, அதுதான் செதில்" என்றார். கிருமி கிடையாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி தானே தப்பான உத்தரவு போடுகிறது. கிருமி இல்லாதபோது ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? இதை அந்தப் பூக்கார அம்மாவுக்கு என் பாஷையில் சொன்னேன். மறுநாள் ஏறியதும் உள்ளங்கையை அகல விரித்து நீட்டினார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் அன்றைக்குச் சில்லறையைக் கையிலேயே வாங்கினார்கள்.

ஆரம்பம் 2005. தலையில் பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றி மாற்றிப் போட்டேன். காக்கிச் சட்டையின் தோளில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். முடி வெட்டும் கடையில், பத்து வருடமாக எனக்கு வெட்டுகிறவர், ஒருநாள் சீப்பை வைத்துவிட்டு "அண்ணே, வேற கஸ்டமர் பார்த்தா கடைக்கு வர மாட்டாங்க" என்றார். அவர் பிழைப்பு அவருக்கு. அன்றிலிருந்து மனைவிதான் வெட்டிவிடுகிறாள். முதலில் கிண்ணம் கவிழ்த்தது போல இருந்தது, இப்போது நன்றாகவே வெட்டுகிறாள்.

அப்புறம் தோளில் வந்தது. பணப் பையின் வார் உரசும் இடத்தில், வார் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, அளவெடுத்து ஒட்டிய பட்டை போல. பையைத் தோள் மாற்றிப் போட்டேன். மூன்று வாரத்தில் அந்தத் தோளிலும் பட்டை. உரசல், சிராய்ப்பு, ஊசி குத்திய இடம், சூடு பட்ட இடம் எதுவானாலும் அங்கே வந்து உட்காருவது இதன் குணமாம். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். என் மனைவி அவரைப் படிக்காமலே பழைய வேட்டியை நாலாக மடித்து வாரைச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். தோள் தெளிந்தது. 2020 ஊரடங்கில் பேருந்து ஓடாமல் வீட்டில் கிடந்தோமே, அப்போது உள்ளங்கையும் தானாகவே மெலிந்து பாதிக்கு மேல் ஆறியது. கம்பி உரசவில்லை, காசு உரசவில்லை. சம்பளத்தோடு வேலை இல்லாமல் இருப்பதுதான் இதற்கு முதல் தரமான மருந்து. அதை யாருக்கும் எழுதித் தர மாட்டார்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனங்கள்.

2008இல் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் போனேன். பெயரும் ஊரும் வேண்டாம். மாதம் ஓர் ஊசி, காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத வெள்ளை மாத்திரை. ஒரே வாரத்தில் உடம்பு பளபளவென்று ஆகிவிட்டது. இத்தனை நாள் வீணாகத் திரிந்தோமே என்று நினைத்தேன். முகம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது, எல்லோரும் "பூசினாப்ல இருக்கே" என்றார்கள். இரண்டு வருடம் இப்படி ஓடியது. 2010 கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். விரதம் இருக்கும்போது ஊசி எதற்கு என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சுட்ட செங்கல் போலச் சிவந்தது. போர்வை இரண்டு போட்டும் நடுங்கினேன். கால் வீங்கியது. காலையில் பாயை உதறினால் ஒரு முறம் செதில். குருசாமி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் கையாலேயே மாலையைக் கழற்றினார். பெரியாஸ்பத்திரியில் 16 நாள் படுத்திருந்தேன்.

அந்த வெள்ளை மாத்திரையும் ஊசியும் ஸ்டீராய்டு என்று அங்கேதான் தெரிந்தது. மற்ற நோய்களில் அது உயிர் காக்கும் மருந்து, சரி. சொரியாசிஸ்காரனுக்கு வாய்வழியும் ஊசி வழியும் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது உடம்பு முழுக்கப் பொங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். பூசும் ஸ்டீராய்டு களிம்பு வேறு விஷயம், டாக்டர் சொன்ன இடத்தில் சொன்ன நாள் வரை மட்டும் பூசினால் நல்லது. ஆனால் நம் ஊரில் 'அந்த டியூப் ஒண்ணு குடுங்க' என்று மெடிக்கலில் வாங்கி வருடக்கணக்கில் தேய்க்கிறவர்கள் எத்தனை பேர்! தொடை இடுக்கில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெங்காயச் சருகு போல ஆன ஆள் எனக்குத் தெரியும். இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் உத்தரவு போட்டிருக்கிறது. போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கப்புறமாவது புத்தி வந்திருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரையில் ஆரம்பித்து இரண்டு வருடம் ஓரளவு நிம்மதியாக இருந்தேன். குணமாகவில்லை, ஆனால் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வர முடிந்தது. 2013இல் மைத்துனன் ஒரு பேப்பர் துண்டோடு வந்தான். உங்கள் நாளிதழில் வந்த விளம்பரம். அப்போது 90 நாள் இல்லை, 120 நாள். பன்னிரண்டு வருடத்தில் 30 நாள் குறைத்திருக்கிறார்கள், முன்னேற்றம்தான். "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுத்துரும் மாமா" என்று அவன் சொன்னான். அதில் ஒரு பங்கு உண்மை இருந்ததுதான் என்னை விழ வைத்தது. அந்த மாத்திரைக்கு ஈரல் பரிசோதனை அவசியம், அதனால்தான் டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அது மைத்துனனுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பொடி, லேகியம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். மற்ற மருந்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பது முதல் நிபந்தனை. உப்பு, புளி, கத்தரிக்காய், கருவாடு, நண்டு கூடாது. கரப்பான் பண்டம் என்று என் அப்பத்தா விலக்கியதைத்தான் இவர்களும் விலக்கினார்கள், அப்பத்தா பணம் வாங்கவில்லை. 40ஆம் நாள் செதில் கூடியது. போன் போட்டேன். "நஞ்சு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார்கள். 70ஆம் நாள் வலது கை ஆள்காட்டி விரல் வாழைப்பழம் போல வீங்கியது. அதற்கும் நஞ்சு வெளியேற்றம் என்றே பதில். 100ஆம் நாள் போனை எடுக்கவில்லை.

அந்த வீக்கம் சொரியாசிஸ் மூட்டுவாதம். தோலோடு நிற்காமல் பத்தில் மூன்று பேர் வரை மூட்டிலும் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். நகத்தில் ஊசியால் குத்தியது போல் குழி விழுந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டுமாம். எனக்கு எட்டு நகத்தில் குழி இருந்தது. காலையில் எழுந்ததும் விரலும் குதிகாலும் அரை மணி நேரம் விறைத்துக் கிடந்ததை, நின்று வேலை பார்க்கும் உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான்கு மாதம் மருந்தில்லாமல் விட்டதில் மூட்டு அரித்துவிட்டது. அந்த விரல் இன்றும் நிமிரவில்லை. சீட்டு கிழிக்கும் விரல். நல்ல வேளை, மிஷின் வந்துவிட்டது, மற்ற விரலால் அமுக்கிக்கொள்கிறேன். 18,000 ரூபாயை நான் மறந்துவிட்டேன், விரல் தினமும் கண்ணில் படுகிறது. அந்தக் கட்டுரையை மைத்துனனுக்குக் காட்ட நினைத்தது இதற்காகத்தான். பின்பக்கத்தோடு எப்படிக் காட்டுவது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சித்த வைத்தியத்தின் மேல் கோபம் இல்லை. சித்தத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று தனிப் பெயரே உண்டு. அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் ஓர் அம்மா வெட்பாலைத் தைலம் பற்றிச் சொன்னார். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் நாவல்பழ நிறத்துக்கு மாறும். வேலியோரம் மரம் இருக்கிறது, நாங்களே செய்துகொள்கிறோம். தலையில் தேய்த்து ஊறவைத்துக் குளித்தால் செதில் இளகும், அரிப்பு தணியும். என் வீட்டில் தலையணை உறை எல்லாம் ஊதா. அந்த அம்மா "இது அடக்கும், திரும்ப வரலாம், பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க" என்றார். வைத்தியம் எந்த முறையாக இருந்தாலும் பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும். 'வேரோடு', 'உத்தரவாதம்', 'மற்றதை நிறுத்து', இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் நான் இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், நன்றாகவே இருக்கிறேன். இதைத்தான் உங்கள் கட்டுரை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டின் தினசரி நடப்பு முழுக்க இருக்கிறது. குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள். பீர்க்கு நாரைப் பரணில் போட்டாயிற்று, செதிலைத் தேய்த்து உரிப்பது புண்ணை விதைப்பது மாதிரி. துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் அல்லது வெள்ளை வாஸ்லின். முழங்கைக்கு சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு. உள்ளங்கைக்கு ராத்திரி வாஸ்லின் பூசி, மகளின் பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். முதல் நாள் பேரன் பார்த்துவிட்டு "தாத்தா, கையில எதுக்கு சாக்ஸ்?" என்றான். "கை நடந்து போகப் போகுது" என்றேன். இப்போது அவனே எடுத்து வந்து மாட்டிவிடுகிறான். (மூத்த மகளின் பையன். இளையவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

காலை வெயில் நல்லது செய்கிறது. அதிலும் அளவு தாண்டிச் சுட்டால் சுட்ட இடத்திலேயே வரும். வெயிலில் உள்ள நல்ல கதிரை மட்டும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறது, 311 நானோமீட்டர் குழல் விளக்குகள். கண்ணாடி மாட்டிக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். முதல் நாள் சில வினாடி, பிறகு மெல்லக் கூட்டுவார்கள். பலருக்கு அருமையாகக் கேட்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் போக வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்குச் சரி. ஐந்தரை மணி முதல் நடைக்கு டிப்போவில் நிற்பவனுக்கு முடியாது. புதிதாக வந்திருக்கும் உயிரியல் ஊசிகள் (எதிர்ப்பு சக்தியின் அந்தத் தப்பான உத்தரவைத் தடுப்பவை) பலருக்குத் தோலை நூறில் தொண்ணூறு பங்கு கூடத் தெளிய வைக்கின்றன என்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன்.

பீடியை விட்டேன். அது இதைக் கூட்டும் என்பதோடு, சொரியாசிஸ்காரர்களுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாம். தோல் டாக்டர் என் இடுப்பை அளந்தபோது சிரித்தேன், இப்போது அவர் ஏன் அளந்தார் என்று புரிகிறது. தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தால் அலட்சியம் செய்வதில்லை, அதற்குப் பின்னால் இது கிளம்பும். மன அழுத்தம் கூடாது என்கிறார்கள். பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் நிற்க இடமில்லாத வண்டியில் நின்றுகொண்டு அதை எப்படிக் குறைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவது முக்கியமானது. மெதோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம், மூட்டுவாதத்துக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். இது வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் அல்ல. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் சிவப்பு எண்ணைப் பார்த்தால்தான் டப்பாவைத் திறப்பேன். எத்தனை மாத்திரை என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. கூடவே மற்ற நாளில் ஃபோலிக் அமிலம் தருவார்கள். எனக்குக் கிடைப்பதில் இரண்டுமே சின்னதாக மஞ்சளாக இருக்கும், அதனால் ஒரே டப்பாவில் போடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவருக்குச் சீட்டில் வாரம் ஒருமுறை என்றுதான் எழுதியிருந்தார்கள், மருந்துக் கடைப் பையன் பழக்க தோஷத்தில் கவரில் 'தினமும் காலை' என்று எழுதிவிட்டான். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. ரத்த அணுக்கள் சரிந்து மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். மது தொடக் கூடாது. சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஆணோ பெண்ணோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதாரண சளிக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும், இதோடு சேரக் கூடாத ஆன்டிபயாட்டிக் உண்டு.

இத்தனைக்கும் மாத்திரை சாப்பிட்ட மறுநாள் வாய் கசக்கும், திங்கட்கிழமை டீ இறங்காது. அது எனக்குச் சம்மதம்.

ஆசிரியர் அவர்களே, 2014இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை சொரியாசிஸை நாள்பட்ட, தொற்றாத, இன்னும் குணமாக்க முடியாத நோய் என்று தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டது. அரசாங்கங்கள் கூடி ஒப்புக்கொண்டதை உங்கள் விளம்பரப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை. 'விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கீழே பொடி எழுத்தில் போடுகிறீர்கள். தெரியும், கண்ணாடி போட்டுப் படித்தேன். என் மைத்துனன் அதைப் படிக்கவில்லை. பேப்பரில் வந்திருக்கிறது என்பதுதான் அவனுக்கு உத்தரவாதம். அந்த நம்பிக்கை விளம்பரதாரர் சம்பாதித்ததில்லை, நீங்கள் பல வருடம் செய்தி போட்டுச் சம்பாதித்தது. விளம்பரமே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை, பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். 'வேரோடு நீங்கும்', 'மற்ற மருந்தை நிறுத்துங்கள்' என்ற இரண்டு வாக்கியங்களையாவது வாங்காதீர்கள்.

என் தாய்மாமாவுக்கும் இது இருந்தது என்று இப்போது தெரிகிறது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். திண்ணையில்தான் படுக்கை, தனித் தட்டு, தனிச் சொம்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களைத் தூக்கியதே இல்லை. பாசமில்லாத மாமா என்று நினைத்திருந்தோம். நோய் தொற்றும் என்று ஊர் சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார், எங்களுக்காகத்தான் தள்ளியே இருந்திருக்கிறார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் கதையை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வாரம் ஒரு நாள் மாத்திரை பற்றிய பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம். பெயரைப் போடாதீர்கள். பக்கம் பக்கமாக வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் பெயரை மறைப்பது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே நேரில் சொல்லிவிடுவேன், மறைக்கிற எண்ணம் இல்லை. அவர்கள் அதை முதலில் என் வாயால் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நடத்துனர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.